தோட்ட நகரின் அழையா விருந்தாளிகள்

காலி மனை, ஏரி, காடு என்று எங்கும் பரவும் அந்நியக் களைகளை ஒழிக்கும் வேலை, அவற்றைச் சரியாக அடையாளம் காண்பதில் தொடங்குகிறது. பெங்களூரையும் அதன் சுற்றுப்புறத்தையும் வலம் வந்தால் கிடைக்கும் பாடம் இது.

தமிழ்நாட்டுக் காய்கறிச் சந்தைகளில் சௌசௌவுக்கு இன்னொரு பெயர் 'பெங்களூர் கத்தரிக்காய்'. அது கத்தரி இனமும் அல்ல; பெங்களூருக்குச் சொந்தமும் அல்ல. மெக்சிகோவையும் அதை ஒட்டிய மத்திய அமெரிக்க நாடுகளையும் பூர்வீகமாகக் கொண்ட இந்தக் கொடியை 19ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லால்பாக் தோட்டத்தில் அறிமுகம் செய்தவர், அங்கே கண்காணிப்பாளராக இருந்த ஜான் கேமரன். கூட்டும் பொரியலுமாகத் தென்னிந்தியச் சமையலறைக்குள் புகுந்த அது, இன்று குடும்பத்தில் ஒருவராகிவிட்டது.

அதே மெக்சிகோ வளைகுடா வட்டாரத்திலிருந்து வந்த இன்னொரு செடியைக் குடும்பத்தில் சேர்க்க யாரும் தயாராக இல்லை. கட்டடம் எழும்பாத மனை, ரயில் பாதை ஓரம், பள்ளிக்கூட மைதானத்தின் மூலை என்று பெங்களூரில் மண் தெரியும் இடமெல்லாம் பார்த்தீனியம் நிற்கிறது. கன்னடத்தில் அதன் பெயர் 'காங்கிரஸ் கிட'. கிட என்றால் செடி.

பெங்களூர் 'தோட்ட நகரம்' என்று பெயர் வாங்கியதே வெளிநாட்டு மரங்களால்தான். 1760ல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக்கில் உலகின் பல மூலைகளிலிருந்து செடிகள் வந்து சேர்ந்தன. 1908ல் இங்கு வந்த ஜெர்மானியத் தோட்டக்கலை நிபுணர் க்ரும்பிகல், மாதத்துக்கு ஒரு மரம் பூப்பதுபோல் சாலைகளைத் திட்டமிட்டார். தென் அமெரிக்க ஜகரண்டாவும் மத்திய அமெரிக்க டபேபுயாவும் மடகாஸ்கரின் குல்மொகரும் வரிசையாகப் பூப்பதை இன்றும் காணலாம். இவை நட்ட இடத்தில் நிற்கின்றன. அந்நியர் எல்லோரும் எதிரிகள் அல்ல. வந்த இடத்தில் தன்னைத் தின்னும் பூச்சியோ நோயோ இல்லாததால் கட்டுக்கடங்காமல் பெருகி, உள்ளூர்ச் செடிகளை நெருக்கித் தள்ளுபவைதான் ஆக்கிரமிப்புக் களைகள்.

இந்த வேறுபாட்டைப் பற்றி அதிகம் ஆராய்ந்த இந்திய நகரங்களில் பெங்களூர் முக்கியமானது. பூச்சிகளைக் கொண்டு களைகளையும் பயிர்ப் பகைகளையும் கட்டுப்படுத்தும் காமன்வெல்த் நிறுவனத்தின் இந்திய நிலையம் 1957ல் இங்கே அமைந்தது. ஹெஸரகட்டாவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வந்தது. ஹெப்பாளில் 1993ல் உருவான உயிரியல் கட்டுப்பாட்டுத் திட்ட இயக்ககம் இன்று தேசிய வேளாண் பூச்சி வள மையமாக இயங்குகிறது. பக்கத்திலேயே வேளாண் பல்கலைக்கழகம். 1996ல் தொடங்கிய 'ஏட்ரீ' என்ற சூழலியல் ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்த ஊரில்தான்.

இத்தனை அறிஞர்கள் இருந்தும் அவர்களுடைய வளாகச் சுவருக்கு வெளியே பார்த்தீனியம் பூத்துக் குலுங்குகிறது. ஆராய்ச்சி தோற்றுவிட்டது என்று இதற்கு அர்த்தமல்ல. களையோடு அன்றாடம் வாழ்பவர்களிடம் அந்த அறிவு போய்ச் சேர்ந்த இடத்தில் வேலை நடந்திருக்கிறது. சேராத இடத்தில் நடக்கவில்லை.

மனைக்கு வந்த காங்கிரஸ்

பார்த்தீனியத்துக்குக் காங்கிரஸ் பெயர் வந்ததற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. அமெரிக்காவிலிருந்து பி.எல். 480 திட்டத்தில் இறக்குமதியான கோதுமையோடு, காங்கிரஸ் ஆட்சியில் வந்தது என்பது ஒன்று. செடியின் உச்சியில் வெள்ளை வெளேரென்று நிற்கும் பூக்கள் கதர்க் குல்லாயை நினைவூட்டுகின்றன என்பது மற்றொன்று. (கேரளத்தில் இன்னொரு தென் அமெரிக்கக் களைக்குக் 'கம்யூனிஸ்ட் பச்சை' என்று பெயர். அரசியல் சமநிலை காக்கப்பட்டிருக்கிறது.) கோதுமைக் கதை எப்படியோ, இந்தச் செடி தாவரவியலாளர்களின் கவனத்துக்கு வந்தது 1950களின் மத்தியில், புனேயில். அடுத்த இருபது ஆண்டுகளில் அது நாட்டின் பெரும்பகுதிக்குப் பரவிவிட்டது.

பெங்களூர் அதற்கு வாகான ஊர். இங்கே 'சைட்' என்றால் வீட்டு மனை. சைட் வாங்கிப் போடுபவர் ஒருவர், அதன் பக்கத்தில் வாழ்பவர் வேறொருவர். உரிமையாளர் சென்னையிலோ துபாயிலோ கலிபோர்னியாவிலோ இருப்பார். மனையின் விலை ஏறிக்கொண்டிருக்கும், செடியும் ஏறிக்கொண்டிருக்கும். கர்நாடகச் சட்டப்படி பார்த்தீனியம் அறிவிக்கப்பட்ட களை. நிலத்துக்குச் சொந்தக்காரரே அதை அகற்ற வேண்டும். அகற்றாதவரைத் தேடிப் பிடிப்பது களையைப் பிடுங்குவதைவிடக் கடினம்.

பக்கத்து வீட்டுக்காரர்தான் அதன் விலையைக் கொடுக்கிறார். பார்த்தீனியத்தில் உள்ள 'பார்த்தினின்' என்ற ரசாயனம் பலருக்குத் தோல் அழற்சியை உண்டாக்குகிறது. தொட்டவருக்கு மட்டுமல்ல, காற்றில் வரும் செடித் துகளால் முகமும் கழுத்தும் வெந்து தடித்துப் போனவர்களும் உண்டு. மகரந்தம் மூக்கில் ஏறினால் தும்மலும் மூச்சிரைப்பும். மாடு தின்றால் பால் கசக்கும். 1970களிலேயே புனேயிலும் பெங்களூரிலும் மருத்துவர்கள் இது குறித்து எச்சரிக்கத் தொடங்கினார்கள்.

இந்தச் செடியைப் பார்த்த உடனே பிடுங்க வேண்டும் என்பதுதான் பலரின் எண்ணம். எப்போது பார்த்தோம் என்பது முக்கியம். விதை முளைத்த முதல் வாரங்களில் பார்த்தீனியம் தரையோடு தரையாக வட்டமாய்ப் படர்ந்திருக்கும். இலை சாமந்தி இலையையோ கேரட் இலையையோ போல வெட்டுப்பட்டிருக்கும். அந்தப் பருவத்தில் அதைக் களை என்று யாரும் நினைப்பதில்லை. ஒரு மாதத்தில் தண்டு எழுந்து பூத்துவிடும். ஒரு செடி 15,000 முதல் 25,000 விதைகள் வரை உதிர்க்கும். பூத்த பிறகு வெட்டுவது விதையைத் தூவிவிடும் வேலை. பொக்லைன் வைத்து மேல்மண்ணை வழித்து லாரியில் ஏற்றி அடுத்த லே-அவுட்டில் கொட்டினால் விதைக்கு ஊர்வலமே நடத்தியதாகிவிடும்.

ஆகவே தெருவாசிகளுக்குச் சொல்லித்தர வேண்டியது எளிமையானது. மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, பூக்கும் முன், வேரோடு பிடுங்க வேண்டும். கையில் உறை, மூக்கில் துணி அவசியம். தோல் ஒவ்வாமை உள்ளவர் பக்கத்தில் வரவே கூடாது. பூக்காத செடியைத் தாராளமாக மக்கவைத்து உரமாக்கலாம். பிடுங்கிய இடத்தை வெறுமையாக விடக் கூடாது. வேறு புல்லோ செடியோ அங்கே வளர வேண்டும். ஜபல்பூரில் உள்ள மத்தியக் களை ஆராய்ச்சி நிறுவனம் 2004 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்டில் பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் நடத்துவது இந்தச் செய்தியைப் பரப்பத்தான்.

தப்பான பூச்சியும் சரியான பூச்சியும்

களையைப் பூச்சியை விட்டுத் தின்னவைக்கும் உத்தியின் வரலாறு ஒரு ஆள் மாறாட்டத்தில் தொடங்குகிறது. சிவப்புச் சாயம் தரும் காக்கினீல் பூச்சியை இந்தியாவில் வளர்த்து லாபம் பார்க்க ஆங்கிலேயர்கள் ஆசைப்பட்டார்கள். 1795ல் பிரேசிலிலிருந்து பூச்சி வந்தது. வந்தது சாயப் பூச்சி அல்ல, அதன் பங்காளி. சாயம் தேறவில்லை. ஆனால் அது ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளியைச் சப்புக்கொட்டித் தின்றது. இதைக் கவனித்து 1836-38ல் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் கள்ளி காலியாயிற்று. உலகிலேயே பூச்சியைக் கொண்டு களையை வென்ற முதல் சம்பவமாக இது கருதப்படுகிறது.

வேடிக்கை என்னவென்றால், இன்னொரு வகைச் சப்பாத்திக்கள்ளியை அந்தப் பூச்சி சீந்தவே இல்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களின் புறம்போக்குகளையும் மேய்ச்சல் நிலங்களையும் அடைத்துக்கொண்டிருந்த அந்தக் கள்ளிக்கு வேறொரு காக்கினீல் இனம் தேவைப்பட்டது. 1926ல் அது வந்த பிறகு சில ஆண்டுகளில் பெரும் பரப்பு விடுதலை பெற்றது. கள்ளியில் எந்தக் கள்ளி, பூச்சியில் எந்தப் பூச்சி என்ற கேள்விக்குச் சரியான விடை கிடைத்த பிறகே காரியம் நடந்தது.

பார்த்தீனியத்துக்கான பூச்சியைத் தேடியவர்களும் அதன் சொந்த ஊருக்கே போனார்கள். 1983ல் மெக்சிகோவிலிருந்து ஒரு சிறு வண்டு, ஹெஸரகட்டா ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தது. மங்கிய வெண்மையில் பழுப்புக் கோடுகள் போட்ட முதுகு. வேறு பயிர்களைத் தின்னுமா என்று பரிசோதித்த பின் 1984ல் பெங்களூரில் வெளியே விட்டார்கள். அது நிலைகொள்ளச் சில ஆண்டுகள் பிடித்தன. பிறகு மழைக்காலங்களில் நகரைச் சுற்றிய பார்த்தீனியக் காடுகள் இலையின்றி மொட்டையாக நிற்பதை மக்கள் கண்டார்கள்.

1990களின் தொடக்கத்தில் வந்தது சோதனை. கர்நாடகத்தின் சூரியகாந்தி வயல்களில் இந்த வண்டு இலையைக் கடிப்பது தெரியவந்தது. எண்ணெய் வித்து விவசாயிகள் பதறினார்கள். விஞ்ஞானிகளே எதிரெதிர் அணிகளாகப் பிரிந்தார்கள். வண்டை மேலும் பரப்புவது நின்றது. விஷயம் அரசு அமைத்த குழு வரை போனது. ஆராய்ந்ததில் தெரிந்தது இதுதான்: பக்கத்துப் பார்த்தீனியத்தின் மகரந்தம் காற்றில் வந்து சூரியகாந்தி இலைமேல் படிந்திருந்தது. அந்த வாசனைக்கு மயங்கி வண்டு இலையைக் கொறித்திருக்கிறது. சூரியகாந்தியை மட்டும் தின்று அதனால் பெருக முடியவில்லை. வண்டுகூட ஆள் மாறாட்டத்தில் ஏமாந்திருக்கிறது. பழி நீங்கிய வண்டு பின்னர் பல மாநிலங்களுக்கும் அனுப்பப்பட்டது.

ஆனாலும் வண்டு மட்டும் போதாது. மழையோடு மண்ணிலிருந்து எழும் அது, வறட்சி தொடங்கியதும் மண்ணுக்குள் தூங்கப் போய்விடும். சாக்கடை ஈரத்திலும் தோட்டக் குழாய் ஈரத்திலும் பார்த்தீனியம் வருடம் முழுவதும் முளைக்கும். மண்ணில் புதைந்த விதை ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். வண்டு விட்ட மிச்சத்தை மனிதர்தான் பிடுங்க வேண்டும். இலையில் வண்டு மொய்க்கும் செடிமேல் மருந்தடித்து இரண்டையும் சேர்த்துக் கொல்லாமலிருக்க, அந்த வண்டையும் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும்.

ஏரியின் பச்சைப் போர்வை

பெங்களூருக்கு ஆறு கிடையாது. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நீர் வழியும்படி வெட்டிய ஏரிச் சங்கிலிகளால் வாழ்ந்த ஊர் அது. இந்த ஏரிகளில் இப்போது களைக்குக் குறைவில்லை. பிரேசிலிலிருந்து வந்து, ஒரு காலத்தில் 'வங்காளத்தின் பயங்கரம்' என்று பெயரெடுத்த ஆகாயத்தாமரை முக்கியமானது. ஊதாப் பூவின் அழகுக்காகக் குளத்தில் விடப்பட்ட செடி, சாதகமான நீரில் இரண்டு வாரத்தில் இரு மடங்காகிவிடும்.

இங்கும் பூச்சிகள் உதவிக்கு வந்தன. சால்வீனியா என்ற மிதக்கும் பெரணி, கேரளத்தின் குட்டநாட்டில் நெல் வயல்களையும் படகுத் துறைகளையும் அடைத்து 'ஆப்பிரிக்கன் பாயல்' என்று வசவு வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. அதை உலக விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் வேறொரு பெரணி என்று தவறாகப் பெயரிட்டிருந்ததால், தப்பான செடியிலிருந்து எடுத்த பூச்சிகளையே விட்டுப் பார்த்துத் தோற்றார்கள். 1972ல் அது தனி இனம் என்று தெரிந்தது. பிறகு அதன் தாயகமான தென்கிழக்கு பிரேசிலைக் கண்டுபிடித்து, அங்கேயிருந்த கூன்வண்டைப் பிடித்தார்கள். ஆஸ்திரேலியா வழியாக இந்தியா வந்த அந்த வண்டு, 1983-84ல் பெங்களூரில் ஓர் அல்லிக் குளத்தில் விடப்பட்டது. ஓராண்டுக்குள் சால்வீனியா மூழ்கி, அல்லி மறுபடி தலைகாட்டியது. கேரளத்திலும் அதே வெற்றி. ஒரு செடியின் பெயரைத் திருத்தியதால் கிடைத்த வெற்றி அது.

ஆகாயத்தாமரைக்கும் இரண்டு கூன்வண்டுகளைக் கொண்டுவந்து 1980களில் பெங்களூர் ஏரிகளில் விட்டார்கள். சில ஏரிகளில் தாமரை ஒடுங்கி நீர் தெரிந்தது. ஆனால் அதன் பிறகு நகரம் பெருத்தது. சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் ஏரிகளில் கொட்டியது. அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் ஆகாயத்தாமரைக்கு அறுசுவை விருந்து. வண்டு தின்னும் வேகத்தைவிடச் செடி வளரும் வேகம் அதிகமாகிவிட்டது. நகரின் மிகப் பெரிய ஏரியான பெல்லந்தூரில் 2015ல் நுரை பொங்கிச் சாலைக்கு வந்தது. 2018 ஜனவரியில் அந்த ஏரிப் பரப்பு தீப்பிடித்து, சுமார் 5,000 ராணுவ வீரர்கள் அணைக்கும் பணியில் இறங்க வேண்டியதாயிற்று. தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் களையும் சேறும் குப்பையுமாக நின்றால் ஏரியும் எரியும்.

இது பெங்களூர்க்காரர்களின் கவலை மட்டுமல்ல. பெல்லந்தூரிலிருந்து வர்த்தூருக்கும், அங்கிருந்து தட்சிண பினாகினிக்கும் போகும் நீர்தான் ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்குத் தென்பெண்ணையாக வந்து சேர்கிறது. அங்கே மதகில் நுரை பொங்கும் காட்சியைக் கிருஷ்ணகிரி மாவட்ட மக்கள் பலமுறை கண்டிருக்கிறார்கள்.

வடக்கே ஜக்கூர் ஏரி வேறு கதை சொல்கிறது. சுமார் 160 ஏக்கர் ஏரி. அதன் தலைமாட்டில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர் கொள்ளளவு. சுத்திகரித்த நீர் நேராக ஏரிக்குள் போவதில்லை. கோரையும் சம்பும் ஆகாயத்தாமரையும் வளரும் ஒரு சதுப்பு நிலத்தின் வழியாக ஊறிப் போகிறது. மிச்சமிருக்கும் உரச்சத்தைச் செடிகள் உறிஞ்சிக்கொள்கின்றன. ஏரியின் நடுவில் எதிரியாக இருக்கும் அதே ஆகாயத்தாமரை, வாசலில் காவலாளி. ஒரே நிபந்தனை: காவலாளியைக் காலாகாலத்தில் அறுத்து வெளியேற்ற வேண்டும். விட்டுவிட்டால் அது அழுகி, உறிஞ்சிய சத்தையெல்லாம் திரும்ப நீரிலேயே கக்கிவிடும்.

அதைக் கவனிக்க ஆள் இருப்பதுதான் ஜக்கூரின் பலம். இங்கே மீன் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். மாட்டுக்குத் தீவனம் அறுப்பவர்கள் வருகிறார்கள். அக்கம்பக்கத்தினர் சேர்ந்து அமைத்த 'ஜலபோஷண்' என்ற குழு ஏரியைக் கண்காணிக்கிறது. தெற்கே ஜே.பி. நகரில் 2010ல் தொடங்கிய புட்டேனஹள்ளி ஏரி அறக்கட்டளையும், சர்ஜாபூர் சாலையில் கைகொண்டரஹள்ளி ஏரியைக் காப்பவர்களும் இதே ரகம். காலையில் நடக்க வருபவருக்கு ஏரி காட்சிப்பொருள். மீனவருக்கு அது வயிறு. களை எங்கே, எந்த மூலையில் தலைதூக்குகிறது என்பதை முதலில் காண்பவர் பரிசலில் போகும் அவர்தான்.

கீரையா, களையா?

ஏரிக்கரைகளில் அதிகம் ஏமாற்றும் செடி இன்னொன்று. ஆங்கிலத்தில் அதற்கு 'அலிகேட்டர் வீட்' என்று பெயர். முதலைக் களை எனலாம். தென் அமெரிக்காவின் இந்தச் செடி, நம் பொன்னாங்கண்ணியின் நெருங்கிய உறவு. எதிரெதிர் இலை, நீரோரப் படர்ச்சி, காகிதம் போன்ற வெள்ளைப் பூ எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். கன்னடத்தில் ஹொனகொனெ சொப்பு என்றும் தமிழில் பொன்னாங்கண்ணி என்றும் கண்ணுக்கு நல்லதென்று தேடி வாங்கப்படும் கீரையோடு இதைக் குழப்பிக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு.

வித்தியாசம் காண ஒரு நிமிடம் போதும். பொன்னாங்கண்ணியின் பூக்கள் சிறு உருண்டைகளாக இலைக் கக்கத்திலேயே, காம்பு இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். முதலைக் களையின் பூ பெரியது. நீண்ட காம்பின் நுனியில் தனியாக நிற்கும். தண்டைக் கிள்ளிப் பார்த்தால் உள்ளே குழலாக இருக்கும். நீரின்மேல் மிதக்க அதுதான் உதவுகிறது. விதையைவிடத் தண்டை நம்பி வாழும் செடி இது. ஒரு கணு உடைந்து மிதந்தாலும் போன இடத்தில் வேர்விடும். இயந்திரத்தை இறக்கித் துண்டு துண்டாக நறுக்கிவிட்டு, மிதக்கும் துண்டுகளை வாராமல் போனால் ஏரி முழுவதும் நாற்று நட்டதற்குச் சமம்.

குழப்பம் நம் ஊரோடு நிற்கவில்லை. 1990களில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் அதிகாரிகள் ஒரு விசித்திரத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்நாடு பெரும் அபாயமாகக் கருதித் தடை செய்திருந்த முதலைக் களை, இலங்கையிலிருந்து குடியேறியவர்களின் வீட்டுத் தோட்டங்களில் செழித்து வளர்ந்துகொண்டிருந்தது. சிங்களத்தில் முகுணுவென்ன என்று சொல்லப்படும் பொன்னாங்கண்ணி என்றே நம்பி, நண்பர்களுக்குள் தண்டு கொடுத்து வாங்கி வளர்த்திருக்கிறார்கள். யாரும் தெரிந்து குற்றம் செய்யவில்லை. ஊரை விட்டு வந்தவர்களுக்கு ஊர்க் கீரை வேண்டியிருந்தது, அவ்வளவே.

அதிகாரிகள் செய்த காரியம் கவனிக்கத்தக்கது. அபராதப் புத்தகத்தை நீட்டுவதோடு நிறுத்தாமல், இலங்கையர்களிடையே வித்தியாசத்தை விளக்கினார்கள். செடியைக் கொடுத்தவர்களுக்கு மாற்றாக, அதே இனத்தில் ஆஸ்திரேலிய மண்ணுக்கே உரிய, தொல்லை தராத வேறொரு செடியை ஆராய்ந்து தேர்ந்தெடுத்து வழங்கினார்கள். தட்டில் இருப்பதைப் பிடுங்கும்போது பதிலுக்கு ஏதாவது வைக்க வேண்டும் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது.

பெங்களூரில் இதன் பொருத்தம் அதிகம். கழிவுநீர் ஏரிகளின் வண்டலிலும் செடிகளிலும் கன உலோகங்கள் சேர்வதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அங்கே வளரும் எதையும், உண்மையான பொன்னாங்கண்ணியையும் சேர்த்து, தட்டில் போடுவதோ மாட்டுக்குப் போடுவதோ ஆபத்து. ஆனால் ஏரிக்கரையில் தீவனம் அறுப்பவர்கள் மேய்ச்சல் நிலத்தை நகரத்திடம் இழந்தவர்கள். அறுக்காதே என்று பலகை வைப்பதால் மாட்டின் பசி ஆறாது. நல்ல நீர் பாயும் கரையில் நல்ல புல் வளர்க்க இடம் கொடுத்தால் அவர்களே களையின் முதல் எதிரிகளாக இருப்பார்கள்.

மலையில் உன்னிச்செடி

பெங்களூரின் ஆராய்ச்சியாளர்கள் இந்தப் பாடத்தை அதிகம் கற்றது நகரத்தில் அல்ல, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மலைகளில். சேலம், மேட்டூர் பக்தர்கள் திரளாகப் போகும் மாதேஸ்வரன் மலையும், அதற்கு மேற்கே பிலிகிரிரங்கன் மலையும் சோலிகர் பழங்குடியினரின் வாழிடம். இந்தக் காடுகளின் அடித்தளத்தை இன்று உன்னிச்செடி அடைத்திருக்கிறது. லாண்டானா என்ற பெயரில் 1800களின் தொடக்கத்தில் கல்கத்தாவின் தாவரவியல் தோட்டத்துக்குப் பூ அழகுக்காக வந்த செடி அது. நாட்டின் காடுகளில் 1,54,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் அது பரவியிருப்பதாக 2020ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

பிலிகிரிரங்கன் மலையில் ஏட்ரீ ஆய்வாளர்கள் ஒரே இடங்களை இருமுறை அளந்தார்கள். 1997ல் 41 சதவீத இடங்களில் இருந்த உன்னிச்செடி, 2008ல் 81 சதவீத இடங்களில் இருந்தது. காரணம் கேட்டபோது சோலிகப் பெரியவர்கள் சொன்ன விளக்கம் நெருப்பு. கோடையின் தொடக்கத்தில், சருகு லேசாகக் காய்ந்திருக்கும்போது தரையோடு ஓடும் சிறு தீயை அவர்கள் வைப்பது வழக்கம். அதன் பெயர் 'தரகு பெங்கி', சருகுத் தீ. அந்தத் தீ உன்னியின் நாற்றுகளைப் பொசுக்கும். பெரிய மரங்களைத் தொடாது. 1974ல் அந்த மலை சரணாலயமானது. தீ வைப்பது குற்றமாயிற்று. உன்னி புதராகி உயர்ந்தது. இப்போது அதில் தீப்பிடித்தால் மர உச்சி வரை எரிகிறது.

நெருப்பு மட்டுமே காரணமா என்பதில் விஞ்ஞானிகளிடையே விவாதம் உண்டு. ஆனால் காட்டைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்களின் சாட்சியத்தை ஆய்வுக் கட்டுரையில் ஏற்றியதே ஒரு மாற்றம். 2011ல் வன உரிமைச் சட்டத்தின்கீழ் அந்த மலையின் சோலிகக் கிராம சபைகளுக்குச் சமுதாய உரிமை வழங்கப்பட்டது. புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் இப்படி உரிமை கிடைத்தது அதுவே முதல் முறை.

மாதேஸ்வரன் மலையில் 2000களின் முற்பகுதியில் ஏட்ரீ வேறொரு வழியைத் தொடங்கியது. மூங்கிலும் பிரம்பும் அரிதாகிவிட்ட நிலையில், உன்னிக் குச்சியை வேகவைத்துப் பட்டையை உரித்து வளைத்தால் நாற்காலியும் கூடையும் செய்யலாம் என்று பயிற்சி கொடுத்தார்கள். கரையான் அரிக்காதது அதன் கூடுதல் தகுதி. இதே உன்னிக் குச்சியில் நீலகிரியின் கூடலூர் பகுதியில் பெட்டக்குரும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோலிகர் ஆகியோர் ஆளுயரத்தையும் தாண்டிய யானைகளை உருவாக்கினார்கள். அந்த யானைகள் 2021ல் லண்டன் பூங்காக்களில் நின்றன; 2024 பிப்ரவரியில் பெங்களூர் லால்பாக்குக்கு வந்தன; அதே ஆண்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறின.

யானைகளைக் கண்டு வியக்கலாம், மயங்கக் கூடாது. லட்சக்கணக்கான ஹெக்டேரில் பரவிய செடியை நாற்காலி செய்தே தீர்த்துவிட முடியாது. கைவினைக்கு வேண்டியது முற்றிய தண்டு. காட்டுக்கு வேண்டியது நாற்றுகளும் போவது. வருமானம் களையையே நம்பியிருந்தால் களை தீர்வதில் யாருக்கு அக்கறை இருக்கும் என்ற கேள்வியும் உண்டு. இதற்கெல்லாம் பதில், வெட்டிய இடத்தில் உள்ளூர்ப் புல்லும் நெல்லியும் மூங்கிலும் திரும்ப வளர்வதைக் கூலி கொடுத்து உறுதி செய்வதுதான். தமிழ்நாடு 2022ல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டிருக்கிறது. முதுமலையில் மஞ்சள் கொன்றை மரங்களை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்பும் வேலை நடக்கிறது. அங்கும் வெட்டிய அடியிலிருந்து மறுபடி துளிர்க்கிறது. அங்கும் அடுத்த ஆண்டு பார்க்க ஆள் தேவை.

காலி மனையில் வண்டையும் செடியையும் தெரிந்த தெருக்காரர், ஏரியில் பரிசல்காரர், கரையில் பூக்காம்பைத் திருப்பிப் பார்க்கத் தெரிந்த கீரைக்காரி, மலையில் நெருப்பின் பருவம் தெரிந்த சோலிகர். இவர்கள் யாருக்கும் களை ஒழிப்புத் துறையில் உத்தியோகம் கிடையாது. ஆனால் பொக்லைன் திரும்பிப் போன பிறகும், திட்டத்தின் நிதி தீர்ந்த பிறகும் அங்கேயே இருப்பவர்கள் இவர்கள்தான். பிடுங்கிய இடத்தில் அடுத்த மழைக்கு என்ன முளைக்கிறது என்பதை முதலில் பார்க்கப்போவதும் இவர்கள் கண்தான்.